‘பெயரிலி, தே.இ.’: இணையச் சான்றுகளால் திரும்பி வந்த ஓர் ஆய்வேடு

பின்னணி

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறையில் ஓர் ஆய்வாளர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கண்மாய்களின் நீர் நிர்வாகம் பற்றித் தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அரசுப் பள்ளி ஆசிரியை, பகுதிநேர ஆய்வாளர். கள வேலையில் கெட்டிக்காரர். மடை திறக்கிற நீர்க்கட்டிகள், பழைய கிராம நிர்வாக அலுவலர்கள், ஆயக்கட்டு விவசாயிகள் என்று பலரைப் பார்த்துப் பேசி, ஒலிப்பதிவும் எடுத்து வைத்திருந்தார். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டிய காலம்தான் 2020, 2021 ஊரடங்குகளில் போய்விட்டது. இரண்டு இயல்களுக்கான தரவுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் திரட்டினார். சிக்கல் முழுவதும் அந்த இரண்டு இயல்களில்தான்.

சான்று காட்டுவதற்குத் துறையின் விதிப்படி ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பைப் பின்பற்ற வேண்டும். ஆனால் ஆய்வாளர்கள் கையில் இருந்தது அந்தக் கையேடு அல்ல. துறையில் பல ஆண்டுகளாக நகலெடுத்துக் கைமாறி வந்த ஒரே ஒரு பக்கத் தாள். அதில் ஒரு வரி: ‘ஆசிரியர் பெயர் இல்லையெனில் பெயரிலி என்றும், ஆண்டு இல்லையெனில் தே.இ. என்றும் இடுக.’ தே.இ. என்றால் ‘தேதி இல்லை’. இரண்டாவது பாதி சரி. முதல் பாதி ஏ.பி.ஏ. சொல்வதற்கு நேர்மாறு. நூலிலேயே ‘பெயரிலி’ என்று கையொப்பம் இருந்தால் மட்டுமே அப்படிப் போடலாம். மற்றபடி ஆசிரியர் இடத்துக்குத் தலைப்பு நகர்ந்து வர வேண்டும் என்பதுதான் அதன் விதி.

ஆய்வாளர் தாளில் இருந்தபடியே செய்தார். துணைநூற்பட்டியலில் ‘பெயரிலி’ என்று தொடங்கும் பதிவுகள் மட்டும் நாற்பதுக்கு மேல் சேர்ந்தன.

சமர்ப்பிப்புக்கு முன், பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறதா என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் ஆய்வேடு எளிதாகத் தேறியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை கிடையாது. இவருடையது அதற்குக் கீழேதான். அந்தக் கணக்கில் துணைநூற்பட்டியலைச் சேர்ப்பதே இல்லை. அதனால் பட்டியலை மென்பொருளும் பார்க்கவில்லை, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதால் வேறு யாரும் பார்க்கவில்லை.

தேர்வாளரின் அறிக்கை

புறத் தேர்வாளர் இருவரில் ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர் ‘திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க’ என்று எழுதினார். ஆய்வின் போக்கிலோ முடிவிலோ அவருக்குக் குறை இல்லை. களத் தரவுகளைப் பாராட்டியும் இருந்தார். அவர் எழுப்பியவை மூன்று.

மூன்றாம் இயலின் ஒரே பக்கத்தில் ‘(பெயரிலி, தே.இ.)’ ஐந்து முறை வருகிறது. பட்டியலுக்குப் போனால் அதே பெயரில் நாற்பது பதிவுகள் நிற்கின்றன. எந்தக் கூற்றுக்கு எது சான்று என்று வாசகர் எப்படித் தெரிந்துகொள்வார்? அடுத்து, அவர் சில இணைப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார். சில திறக்கவில்லை, சில தளத்தின் முகப்புக்குப் போய் நின்றன. மூன்றாவது, தமிழ்நாட்டின் மொத்த ஏரி, கண்மாய் எண்ணிக்கை ஓர் இயலில் ஒன்றாகவும் அடுத்த இயலில் வேறாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் சான்று பெயரிலி.

மூன்றாவதுதான் கனமான அடி. முதல் இரண்டையும் வடிவப் பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம், இதில் அப்படித் தப்பிக்க வழியில்லை.

நெறியாளர் அறிக்கையை நூலகத்துக்கு அனுப்பி, ஆய்வாளரோடு உட்கார்ந்து பட்டியலைச் சரிசெய்து தரும்படி கேட்டார். கல்லூரியில் சான்று மேலாண்மை மென்பொருள் கற்றுத்தருவதும் ஒப்புமைச் சோதனை நடத்துவதும் நூலகத்தின் வேலை என்பதால், நூலகத்தில் பணிபுரியும் என்னிடம் இது வந்தது.

முதல் நாள் ஆய்வாளர் கேட்டது நியாயமான கேள்வி: “சார், அந்தப் பக்கத்துல யார் பேரும் இல்லையே. இல்லாத பேர நான் எங்க போய்த் தேடுறது?”

“எழுதுனவர் பேர் வேண்டாம்மா. அந்தத் தகவலுக்குப் பொறுப்பு யாருன்னு மட்டும் பாப்போம்” என்றேன். பிறகு செய்தது எல்லாம் இந்த ஒரு கேள்வியை நாற்பது முறை கேட்டதுதான்.

பட்டியலைப் பிரித்தபோது

ஓர் எக்செல் தாள் திறந்து, பதிவுக்கு ஒரு வரிசை ஒதுக்கினோம். இணைப்பு இயங்குகிறதா, பக்கத்தை வெளியிட்டது யார், தேதி உண்டா என்பவை வழக்கமான கட்டங்கள். கூடவே ‘ஆய்வேட்டில் எந்த வாக்கியத்தை இது தாங்குகிறது’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதிகம் உதவியது அதுதான். சில பதிவுகளுக்கு எதிரே அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை. படித்தார், பட்டியலில் சேர்த்தார், ஆய்வேட்டில் பயன்படுத்தவில்லை. ஏ.பி.ஏ. பட்டியலில் உள்ளே சுட்டாத நூலுக்கு இடமில்லை என்பதால் அவற்றை அன்றே நீக்கினோம்.

மிச்சத்தில் பாதிக்கு மேல் உண்மையில் பெயரில்லாதவை அல்ல. ஆசிரியர் என்றால் ஓர் ஆள் என்று நினைத்ததால் நிறுவனங்கள் கண்ணில் படவில்லை. மாவட்ட நிர்வாகத்தின் தளம், மத்திய அமைச்சகத்தின் செய்திக் குறிப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்ககத்தின் மாவட்டக் கையேடு, நீர்வளத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு என்று எல்லாம் பெயரிலிக் கூட்டத்தில் கிடந்தன.

மாவட்டத் தளத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற ஆய்வேடுகளிலும் இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தின் அடிக்குப் போனால் மூன்று தகவல்கள் இருக்கும். உள்ளடக்கம் மாவட்ட நிர்வாகத்துக்கு உரியது என்று ஒரு வரி. தளத்தை உருவாக்கிப் பராமரிப்பது தேசியத் தகவலியல் மையம் என்று இன்னொரு வரி. கடைசியாகப் புதுப்பித்த தேதி. அடிவரை போய்ப் பார்த்த சில இடங்களில் ஆய்வாளர் தேசியத் தகவலியல் மையத்தை ஆசிரியராக்கி, அந்தத் தேதியின் ஆண்டையும் போட்டிருந்தார். இரண்டும் பொருந்தாது. மையம் தளத்தை நடத்துகிறது. கண்மாயின் பரப்பளவுக்கு அது பொறுப்பாகாது. அந்தத் தேதியோ தளம் முழுவதற்குமானது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதேதான் நிற்கும். நேற்று ஒரு டெண்டர் அறிவிப்பை ஏற்றியிருந்தால்கூட மாறிவிடும். நாம் படித்த பத்தி எப்போது எழுதப்பட்டது என்பதற்கு அது சான்றில்லை. எனவே மாவட்ட நிர்வாகம் ஆசிரியர், ஆண்டு இடத்தில் தே.இ., பக்கம் மாறக்கூடியது என்பதால் பார்த்த தேதியும் கூடவே என்று முடிவானது.

இன்னொரு கூட்டம் மென்பொருள் தந்த பெயர்கள். உலாவியில் ஒரு சொடுக்கில் பதிவைச் சேர்க்கும்போது, பக்கத்தின் உள்ளே புதைந்திருக்கும் தகவலை மென்பொருள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதனால் ‘அட்மின்’ என்ற பெயரில் மூன்று கட்டுரைகள் இருந்தன. ஒரு பி.டி.எஃப். ‘யூசர்’ எழுதியதாக இருந்தது. அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்த கணினியின் கணக்குப் பெயர் அது. ஆங்கிலப் பட்டியலில் ‘டெஸ்க், டபிள்யூ.’ என்று ஒருவர் இருந்தார். யார் இந்த டெஸ்க் என்று பார்த்தால், செய்தித்தளத்தின் ‘வெப் டெஸ்க்’கை மென்பொருள் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாக உடைத்திருக்கிறது. நீர்வளத் துறைக்கும் அதே கதி: துறை கடைசிப் பெயராகவும் நீர்வளம் முதலெழுத்தாகவும் (இனிஷியல்) மாறியிருந்தன. நிறுவனப் பெயரை ஒரே கட்டத்தில் இடுவதற்கு மென்பொருளில் வசதி உண்டு. யாரும் சொல்லித்தராமல் அது கண்ணில் படாது.

இதையெல்லாம் விட விசித்திரமாக ஒன்று கிடைத்தது. மதுரைச் சீமை பற்றி ஜே.எச். நெல்சன் எழுதி 1868இல் வெளியான கையேட்டின் மின்வருடல், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருப்பது, ‘பெயரிலி’யாகப் பட்டியலில் நின்றது. நூலை ஏற்றியவர் விவரப் பக்கத்தில் ஆசிரியர் பெயரை நிரப்பாமல் விட்டிருக்கிறார். உள்ளே சில பக்கம் தள்ளினால் தலைப்புப் பக்கத்தில் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் அச்சில் இருக்கின்றன. தென்மாவட்ட வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி எடுத்தாளும் நூல். அது பெயரில்லாமல் நின்றால் தேர்வாளருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, உண்மையிலேயே யார் எழுதியது என்று தெரியாதவை. பெயர் போடாத நாளிதழ்ச் செய்திகள், போட்டித் தேர்வுப் பயிற்சித் தளங்கள், விக்கிப்பீடியா, புனைபெயர் வலைப்பதிவு ஒன்று, ஊர் வரலாறு என்ற பெயரில் ஒன்றையொன்று நகலெடுத்த சில தளங்கள். நாற்பதில் இவை பத்துப் பன்னிரண்டுதான். கடினமான வேலை இங்கேதான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நிறுவன வெளியீடுகளுக்கு, பொறுப்பான துறையின் பெயரையே ஆசிரியர் இடத்தில் வைத்தோம். ‘தமிழ்நாடு அரசு’ என்று பொதுவாகப் போடலாமே என்றார் நெறியாளர். போட்டால் பட்டியலில் இருபது பதிவுகள் ஒரே பெயரில் குவிந்து, பெயரிலிச் சிக்கல் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். ஏ.பி.ஏ.வும் குறிப்பான துறையை ஆசிரியராகவும், அதன் மேலுள்ள அமைப்பை வெளியீட்டாளராகவும் காட்டச் சொல்கிறது.

கொள்கை விளக்கக் குறிப்புகளில் ஒரு நெருடல். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்கப்படும் இந்தக் குறிப்பின் அட்டையில் அமைச்சரின் பெயர் இருக்கும். அப்படியானால் அமைச்சர்தான் ஆசிரியரா? இல்லை என்று முடிவெடுத்தோம். தகவலைத் திரட்டி வெளியிடுவது துறை. அமைச்சர் அதன் சார்பில் அவையில் வைக்கிறார். இதே இடத்தில் இன்னொன்றும் வந்தது. நீர்வளத் துறை 2021இல்தான் தனித் துறையானது. அதற்கு முன் அது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. எல்லாவற்றையும் இன்றைய பெயரில் மாற்றினால் பட்டியல் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் பழைய குறிப்பைத் தேடுகிறவர் அட்டையில் இல்லாத பெயரைத் தேட நேரும். ஆவணத்தில் அச்சான பெயரையே வைத்தோம்.

பெயர் போடாத செய்திகளுக்குத் தலைப்பு முன்னால் வந்தது. ‘நமது நிருபர்’, ‘செய்திப் பிரிவு’ போன்றவற்றை ஆசிரியராகக் கொள்ள வேண்டாம் என்று தீர்மானித்தோம். எல்லா நாளிதழிலும் ஒரு நமது நிருபர் இருக்கிறார்; அந்தப் பெயரால் எதையும் அடையாளம் காண முடியாது. செய்தி நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் அதை நிறுவன ஆசிரியராக எடுத்துக்கொண்டோம். உள்ளே சுட்டும்போது தலைப்பின் முதல் சில சொற்களை இரட்டை மேற்கோளில் தந்து ஆண்டைச் சேர்த்தோம். வாசகர் அதே சொற்களைப் பட்டியலில் அகர வரிசையில் பிடித்துவிடலாம். 1876 பஞ்சம் பற்றிய ஒரு கட்டுரையின் தலைப்பு எண்ணில் தொடங்கியது. எண்ணை எழுத்தாக வாசித்து வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி என்பதால் அது ‘ஆயிரத்து’ என்று ஆகாரத்தில் போய் உட்கார்ந்தது. ஆய்வாளருக்கு இது மட்டும் பிடிக்கவே இல்லை.

ஒரே நிறுவனத்தின் தேதியில்லாப் பக்கங்கள் பல இருந்த இடத்தில் தே.இ.-அ, தே.இ.-ஆ என்று பிரித்தோம். நேர் மேற்கோள் எடுத்த இணையப் பக்கங்களுக்குப் பக்க எண் கிடையாது. பத்தி எண் தந்தோம்.

விக்கிப்பீடியாவில் நெறியாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அவருக்கு அது இருக்கவே கூடாது. 2023 ஜனவரியில் ஒரு சுங்கவரி வழக்கில் உச்ச நீதிமன்றமே, பலர் சேர்ந்து எழுதும் இத்தகைய தளங்களை முழுதாக நம்ப முடியாது என்று எச்சரித்ததை எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரிதான், ஆனால் தடை என்று போட்டால் ஆய்வாளர்கள் படிப்பதை நிறுத்த மாட்டார்கள், சுட்டுவதைத்தான் நிறுத்துவார்கள் என்பது என் பக்கம். கடைசியில் ஒத்துப்போனது இது: விக்கிக் கட்டுரையின் கீழே காட்டியிருக்கும் சான்றுக்குப் போ, அதைப் படி, அதைச் சுட்டு. அந்தச் சான்று கிடைக்கவில்லை என்றால் தகவலையே விட்டுவிடு. விக்கிக் கட்டுரையைப் பற்றியே பேசும் இடம் வந்தால் மட்டும், பக்க வரலாற்றிலிருந்து அந்தத் தேதியின் பதிப்புக்கான நிலையான இணைப்பைக் கொடு. இந்த ஆய்வேட்டில் அப்படி ஓர் இடம் வரவில்லை.

ஓர் எண்ணைத் தேடிப் போனது

தேர்வாளர் பிடித்த எண்ணிக்கை முரண்பாட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 39,202 ஏரி, கண்மாய்கள் என்று மூன்றாம் இயல் சொன்னது. நான்காம் இயலில் 41 ஆயிரத்துச் சொச்சம். முதலாவது ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சித் தளத்திலிருந்து வந்தது. இரண்டாவது ஒரு செய்தித்தளம். இரண்டிலும் பெயர் இல்லை, எங்கிருந்து எடுத்தது என்றும் இல்லை.

இரண்டு எண்ணுமே கட்டுக்கதை அல்ல. ஆய்வுக் கட்டுரைகளிலும் அரசு சார்ந்த வெளியீடுகளிலும் இரண்டும் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. எதை எண்ணினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுப்பணித் துறையிடம், இப்போது நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம். இது போக ஜமீன் ஒழிப்புக்குப் பின் அரசுக்கு வந்த கண்மாய்கள் இருக்கின்றன. சேதுபதிச் சீமையிலும் சிவகங்கைச் சீமையிலும் இவை ஏராளம். எந்தப் பதிவேட்டிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வகையைச் சேர்த்து எண்ணினார்கள் என்று தெரியாமல் இந்த இரு எண்களையும் அருகருகே வைக்க முடியாது. வெளியிட்டவர் பெயரும் ஆண்டும் இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் இல்லாத பக்கத்தில் எண் மட்டும் அநாதையாக நிற்கிறது.

ஆய்வாளர் இரு எண்களையும் துறை வெளியீடுகளிலும் அவற்றைப் பயன்படுத்திய ஆய்வுக் கட்டுரைகளிலும் தேடி, பெயரும் ஆண்டும் உள்ள சான்றுகளை எடுத்தார். பயிற்சித் தளத்தையும் செய்தித்தளத்தையும் விட்டார். இயலில் ஓர் எண்ணைத் தேர்ந்து மற்றதை மறைக்காமல், இரண்டு கணக்குகள் இருப்பதையும் எண்ணும் அடிப்படை மாறக்கூடும் என்பதையும் ஒரு பத்தியாகவே எழுதினார். அது அவருடைய ஆய்வுப் பொருளோடு நேரே பொருந்தியது: யார் பொறுப்பில் எந்தக் கண்மாய் என்பதுதானே நீர் நிர்வாகத்தின் முதல் கேள்வி. சான்றைத் திருத்தப் போன இடத்தில் இயலுக்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைத்தது.

நகல் தளங்கள் விஷயம் இவ்வளவு இனிமையாக முடியவில்லை. ஒரு கண்மாயின் கட்டுமான வரலாறு பற்றி நான்கு தளங்களில் எழுத்துப் பிசகாமல் ஒரே பத்தி. அதில் வித்தியாசமான ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினோம். ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவத்தையும் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பார்த்தோம். எது முந்தியது என்று ஓரளவு தெரிந்தது. அதற்கு அப்பால் கல்வெட்டு, நூல், அரசாணை என்று எதுவும் தட்டுப்படவில்லை. நான்கு தளங்கள் சொல்கின்றனவே என்றார் ஆய்வாளர். ஒருவர் சொன்னதை மூன்று பேர் நகலெடுத்தால் அது நான்கு சான்று ஆகாது. பத்தியை எடுத்துவிட்டோம், இயலில் அதைச் சார்ந்து நின்ற இன்னொரு வாதமும் அதோடு போனது.

இந்தத் தேடலில் இன்னொன்றும் வெளியே வந்தது. வேறோர் இடத்தில் இரண்டு பத்திகள் ஓர் இணையப் பக்கத்திலிருந்து மேற்கோள் குறி இல்லாமல் வந்திருந்தன. மொத்த அளவு குறைவு என்பதால் ஒப்புமைச் சோதனையில் உறுத்தவில்லை. பெயர் இல்லாத பக்கம் பொதுச்சொத்து மாதிரி, யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் ஆய்வாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்தப் பத்திகளின் மூலம் ஓர் அரசு அறிக்கை என்று தெரிந்ததும், ஒன்றைச் சுருக்கித் தன் நடையில் எழுதினார், மற்றதை மேற்கோளாகவே தந்தார். இரண்டுக்கும் அறிக்கையைச் சுட்டினார்.

புனைபெயர் வலைப்பதிவு

இந்த ஒன்றைத் தனியாகச் சொல்லக் காரணம், முதலில் எல்லோரும் நீக்கச் சொன்ன சான்று இது. ஒருவர் புனைபெயரில், தன் ஊர்க் கண்மாயில் நீர்க்கட்டிகள் முறைவைத்துத் தண்ணீர் விட்ட வழக்கத்தையும், அவர்களுக்கு அறுவடையில் தந்த பங்கையும் எழுதியிருந்தார். அச்சில் வந்த எந்த நூலிலும் இவ்வளவு நுணுக்கமாக ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை.

புனைபெயர் என்பது பெயர் இல்லாமை அல்ல. பக்கத்தில் உள்ளபடியே அதை ஆசிரியர் இடத்தில் வைக்க விதி இடம் தருகிறது. ஆக, சுட்டுவதில் தடை இல்லை. நம்பலாமா என்பதுதான் கேள்வி. பதிவின் கீழே மின்னஞ்சல் முகவரி இருந்தது. எழுதிக் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது. எழுதியவர் அதே ஊரில் நெடுங்காலம் வருவாய்த் துறைப் பணி பார்த்து ஓய்வுபெற்றவர். ஆய்வாளர் நேரில் போய்ப் பேட்டி எடுத்தார். தன் இயற்பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், வலைப்பதிவு புனைபெயரிலேயே பட்டியலில் இருக்கிறது; பேட்டி மற்றக் களத் தகவலாளர்களைப் போலக் குறியீட்டு எண்ணில், அவர் ஒப்புதலோடு, பின்னிணைப்பில் இருக்கிறது. வலைப்பதிவில் இருந்த ஒரு தகவலை அவரே பேட்டியில் திருத்தினார். ஆய்வேட்டில் திருத்திய தகவல்தான் இடம்பெற்றது.

முகத்தைக் காட்டாத ஒரு தனிமனிதர், பெயர்ப்பலகை மாட்டிய பல தளங்களைவிட நல்ல சான்றாக அமைந்தார். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்ததே காரணம்.

விளைவு

இறந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றின் பழைய பிரதி இணையக் காப்பகத்தில் கிடைத்தது. அந்தப் பிரதியின் முகவரியைத் தந்தோம். கிடைக்காத சிலவற்றுக்கு அச்சு வடிவம் தேடினோம், அதுவும் இல்லாதவற்றை விட்டோம். இது இந்த ஆய்வாளருக்கு மட்டும் வந்த விதி அல்ல. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பகுதிநேர ஆய்வேடு ஒன்று முடிய ஐந்தாறு ஆண்டு ஆகிற இடத்தில் இதை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும்.

திருத்திய ஆய்வேட்டில் ‘பெயரிலி’ என்று ஒரு பதிவும் இல்லை. பட்டியல் ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது. ஓர் இயல் சில பக்கங்களை இழந்தது, இன்னோர் இயல் ஒரு நல்ல பத்தியைப் பெற்றது. தேர்வாளர் ஏற்றுக்கொண்டார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, பயிற்சித் தளத் தகவலை ஏன் கைவிட்டீர்கள் என்பது. ஆய்வாளர் கண்மாய்க் கணக்கின் கதையைச் சொன்னார். மாதக்கணக்கில் தாமதம் ஆனதில் அவருடைய ஊதிய உயர்வும் தள்ளிப்போனது. அந்த இழப்பை யாரும் ஈடுசெய்யவில்லை.

இனி மாறுவது

துறை அந்த ஒரு பக்கத் தாளைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பதிலாக நாங்கள் தயாரித்த குறிப்பில் விதிகள் குறைவு. மாவட்டத் தளம், கொள்கைக் குறிப்பு, அரசாணை, பெயர் போடாத செய்தி, மின்வருடிய பழைய நூல் என்று இங்கே அடிக்கடி வருகிறவற்றுக்கு முழு எடுத்துக்காட்டு மட்டும் இருக்கிறது. ஆங்கிலக் கையேட்டின் எடுத்துக்காட்டுகளில் தமிழ்நாட்டு அரசாணையை எப்படிச் சுட்டுவது என்று தேடினால் கிடைக்காது.

பக்கத்தைப் படிக்கும் அன்றே அதை இணையக் காப்பகத்தில் சேமித்து, அந்த முகவரியையும் பார்த்த தேதியையும் குறிப்பேட்டில் எழுதுவது முதலாமாண்டுப் பயிற்சியில் சேர்ந்தது. மென்பொருள் எடுத்துத் தரும் ஆசிரியர் பெயரைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் சேர்ந்தது. ஒப்புமைச் சோதனைக்கு வரும் ஆய்வேடுகளில் இணையப் பதிவுகளில் சிலவற்றை நூலகம் திறந்து பார்க்கிறது. இதை விதியாக்க வேண்டும் என்று நான் கேட்டேன். துறைத் தலைவர் இப்போதைக்கு வழக்கமாக இருக்கட்டும் என்றார். ஆள் பற்றாக்குறையை நினைத்தால் அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

அதே தாளைப் பின்பற்றி முன்பு எழுதப்பட்ட ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிவிட்டன. அவற்றில் பெயரிலிகள் அப்படியே இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் மாதிரிக்கு அவற்றைத்தான் பதிவிறக்குகிறார்கள் என்று தெரிந்ததும், திருத்திய ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை ஆய்வாளரின் அனுமதியோடு நகலெடுத்துத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம்.